கட்டப்படும் பாலமும் காணப்படாத கைகளும்

கட்டி முடிந்த பாலத்தைக் காட்டும் புகைப்படம் ஆட்சியின் பெருமையையும் பொறியியலின் திறனையும் பேசும். கட்டப்பட்டுக்கொண்டிருக்கும் பாலத்தைக் காட்டும் புகைப்படமோ வேறு பொருளைப் பேசும். சாரம், கயிறு, கப்பி, அரைகுறையாய் நிற்கும் தூண், இவற்றிடையே முதுகு வளைந்த மனிதர் ஆகிய யாவும் அதிலே வெளிப்படையாகத் தெரியும். ஒரு பாலத்தின் நீண்ட ஆயுளில் அதனைக் கட்டியவன் கண்ணுக்குத் தென்படும் காலம் அந்தச் சில மாதங்கள் மட்டுமே. வேலை முடிந்ததும் சாரம் பிரிக்கப்படும். அதனோடு அவனும் மறைந்துவிடுவான். எனவே உழைப்பை மதிக்கும் எவரும் இத்தகைய படங்களைத் தனிப் பரிவோடு நோக்குதல் இயல்பு. ஆனால் அந்தப் பரிவே நம்மை ஏமாற்றவும் கூடும். அதற்குச் சான்றாக ஒரு படத்தை ஈண்டு ஆராய விரும்புகின்றோம்.

கெலிஓயாவில் நாம் கற்பிக்கும் வகுப்பிலே, வரலாற்று முக்கியத்துவம் உடைய புகைப்படமொன்றைத் தெரிந்து அதனைப் பற்றி ஒரு கட்டுரை எழுதுமாறு மாணவரைக் கேட்டிருந்தோம். ஒரு மாணவன் இணையத்திலிருந்து பிரதி செய்த படமொன்றைக் கட்டுரையின் தலைப்பிலே ஒட்டியிருந்தான். காட்டாற்றின் நடுவே பாதி எழுந்து நிற்கும் மரப்பாலம் அது. இரண்டாம் உலகப் போரில் யப்பானியர் சயாமிலே கட்டுவித்த மரண இரயில்பாதையின் பாலம் இது என்றும், இதனைக் கட்டி ஆயிரக்கணக்கான வெள்ளைக்காரப் போர்க்கைதிகள் மடிந்தனர் என்றும் அவன் எழுதியிருந்தான். நடை தெளிவாயிருந்தது, உணர்ச்சியும் உண்மையாயிருந்தது. ஆயினும் அப்படம் சயாமில் எடுக்கப்பட்டதன்று. நமது ஊரிலிருந்து கம்பளை, நாவலப்பிட்டி, கினிகத்தேனை வழியாகப் பஸ்ஸிலே அரை நாளுக்குள் சென்றடையக்கூடிய கித்துல்கலவில், களனி கங்கையின் மீது, 1956-57 காலப்பகுதியில் ஒரு திரைப்படத்திற்காகக் கட்டப்பட்ட பாலத்தின் படம் அது.

தவறு மாணவனுடையதன்று. உலகமே அப்படித்தான் நம்பிக்கொண்டிருக்கிறது. ஆதலின் அவன் கட்டுரைக்குச் சிவப்பு மையால் ஒரு கோடிட்டு விட்டுவிட நமக்கு மனம் வரவில்லை. ஒரு நடிப்புப் பாலத்தின் படம் எவ்வாறு வரலாற்றுப் படமாயிற்று? உண்மைப் பாலத்தின் இடத்தை அது பிடித்துக்கொண்டபோது எவரெவரை வெளியே தள்ளிற்று? இவை திரைப்படக் கலையைப் பற்றிய கேள்விகளாக மட்டும் நமக்குத் தோன்றவில்லை.

முதலில் படத்தை உள்ளபடியே நோக்குவோம். காடு மூடிய இரு மலைச்சரிவுகள், இடையே ஆறு. நீரினுள்ளிருந்து முழு மரங்கள் குறுக்கும் நெடுக்குமாய்ப் பிணைக்கப்பட்டு எழுகின்றன. இரு புறத்துச் சட்டங்களும் இன்னும் ஒன்றையொன்று தொடவில்லை. நடுவிலே வானம் தெரிகிறது. மரங்களின்மேல் ஆட்கள் நிற்கின்றனர். தொலைவிலிருந்து எடுத்தமையால் எவருக்கும் முகம் இல்லை. அழகிய படமென்பதில் ஐயமில்லை. அதன் அழகே, அது சொல்லும் அனைத்தும் மெய்யென நம்மை நம்பவைக்கிறது.

திரைப்படத்தின் பெயர் ‘கிவாய் நதிப் பாலம்’. நெறியாளர் டேவிட் லீன்; தயாரிப்பாளர் சாம் ஸ்பீகல். பிரெஞ்சு எழுத்தாளர் பியர் பூல் 1952 இல் வெளியிட்ட நாவலே அதன் மூலம். பாலத்தை வரைந்தமைத்தவர் ஷெபீல்ட் நகரத்து ஹஸ்பண்ட் கம்பனியின் பொறியியலாளர். நீளம் ஏறத்தாழ 425 அடி. உயரம் ஏறத்தாழ 50 அடி. எட்டு மாதங்கள், ஐந்நூறு தொழிலாளர், முப்பத்தைந்து யானைகள் எனத் திரைப்பட நூல்கள் வழிவழியாக ஒரு கணக்கைக் கூறிவருகின்றன. 1957 மார்ச்சிலே அன்றைய பிரதமர் எஸ். டபிள்யூ. ஆர். டி. பண்டாரநாயக்க பார்த்திருக்க, ஓடும் புகையிரதத்தோடு பாலம் வெடிவைத்துத் தகர்க்கப்பட்டது. படம் ஏழு ஒஸ்கார் விருதுகளைப் பெற்றது. இன்று கித்துல்கலவில் எஞ்சியிருப்பவை அத்திவாரத்தின் சீமெந்துக் கட்டைகளும் வாடிவீட்டுச் சுவரிலே தொங்கும் படப்பிடிப்புக் காலப் புகைப்படங்களுமே. நெறியாளரின் பெயரும் நடிகரின் பெயரும் பாலம் வரைந்த கம்பனியின் பெயரும் நமக்குக் கிடைக்கின்றன. மரத்தின் மேல் நின்ற ஐந்நூறு பேரில் ஒருவர் பெயரும் கிடைக்கவில்லை. யானைகளோடு சேர்த்து அவர்கள் எண்ணப்பட்டனர், அவ்வளவே.

இனி உண்மைப் பாதையின் கதைக்கு வருவோம். 1942 ஜூனில் மிட்வே கடற்போரில் யப்பான் பெருந்தோல்வி கண்டது. மலாக்கா நீரிணை வழியாக ரங்கூனுக்குப் படைகளையும் பொருள்களையும் அனுப்புதல் அதன்பின் ஆபத்தாயிற்று. எனவே சயாமின் பான் பொங் தொடங்கிப் பர்மாவின் தன்பியூசயாட் வரை, மலையும் காடும் ஊடறுத்து, ஏறத்தாழ 415 கிலோமீற்றர் பாதையை யப்பானிய இராணுவம் அமைக்க முற்பட்டது. 1943 ஒக்டோபர் 17 இல் இரு புறத்துத் தண்டவாளங்களும் இணைந்தன. அறுபதினாயிரத்துக்கு மேற்பட்ட பிரித்தானிய, அவுஸ்திரேலிய, ஒல்லாந்த, அமெரிக்கப் போர்க்கைதிகள் இதில் வேலை செய்தனர். பன்னீராயிரத்துக்கு மேற்பட்டோர் இறந்தனர். உலகம் அறிந்த கணக்கு இது.

உலகம் அறியாத, அல்லது அறிய விரும்பாத கணக்கு வேறொன்று உண்டு. அதே பாதையிலே ஆசியத் தொழிலாளர் இரண்டு இலட்சம் வரையில் வேலை செய்தனர் என்றும், அவர்களில் எண்பதினாயிரம் தொடக்கம் ஓர் இலட்சம் வரையில் மடிந்தனர் என்றும் ஆய்வாளர் மதிப்பிடுகின்றனர். பர்மியர், யாவகர், மலாயர், சீனர் எனப் பலரும் அவர்களுள் இருந்தனர். மலாயாவிலிருந்து கொண்டுசெல்லப்பட்ட எழுபதினாயிரத்துக்கு மேற்பட்டோரிலே பெரும்பாலோர் றப்பர்த் தோட்டங்களின் தமிழ்த் தொழிலாளர்.

அவர்கள் எவ்வாறு அங்குச் சென்றனர்? போரினால் றப்பர் ஏற்றுமதி நின்றது. தோட்டங்களில் வேலையும் அரிசியும் இல்லாமற் போயின. பசித்த மக்களிடம் கூலியும் உணவும் தருவதாகச் சொல்லி முதலில் ஆள் திரட்டினர். சென்றவர் திரும்பாமையைக் கண்டு பின்னர் எவரும் இணங்காதபோது வலைவீசிப் பிடித்தனர். இலவசமாகச் சினிமா காட்டுவதாக அறிவித்து, மக்கள் கொட்டகைக்குள் நிறைந்ததும் கதவைப் பூட்டி, ஆண்களை அப்படியே புகைவண்டியில் ஏற்றிய செய்தி போர்க்கைதிகள் எழுதிவைத்த குறிப்புகளிலேயே காணப்படுகிறது. ஒரு சினிமா அவர்களைப் பிடித்துக்கொடுத்தது. பதினைந்து ஆண்டுகள் கழித்து இன்னொரு சினிமா அவர்களை மறக்கடித்தது. வரலாறு சில வேளைகளில் எந்த ஆசிரியனும் எழுதத் துணியாத முரணைத் தானே எழுதிவிடுகிறது.

போர்க்கைதிகள் பட்ட துன்பத்தைக் குறைத்துக் கூறுவது நமது நோக்கமன்று. பட்டினி, அடி, மலேரியா, வாந்திபேதி ஆகியன தோலின் நிறம் பார்த்து வரவில்லை. ஆயினும் கைதிகளுக்கு அவர்களுடைய அதிகாரிகள் இருந்தனர். அவர்களுடைய வைத்தியர்கள் இருந்தனர். கழிவறை தோண்டவும் நீரைக் கொதிக்கவைக்கவும் கட்டளையிட ஓர் ஒழுங்கு இருந்தது. பெயர்ப்பட்டியல் இருந்தது. தோட்டத்திலிருந்து பிடித்துவரப்பட்டவனுக்கு இவற்றுள் ஒன்றேனும் இல்லை. 1943 இன் மழைக்காலத்தில் வாந்திபேதி பரவியபோது கூலி முகாம்களிலே மரணம் வெள்ளம்போற் பாய்ந்தது இதனாற்றான். கொள்ளைநோயிலும் வர்க்கம் உண்டு என்பதற்கு இதனிலும் கொடிய சான்று வேண்டுமோ?

இறந்த பின்னும் வேற்றுமை தொடர்ந்தது. காஞ்சனபுரியின் போர்க் கல்லறையிலே ஏறத்தாழ ஏழாயிரம் கல்லறைகள், புல் வெட்டி, பூச்செடி வைத்துப் பேணப்படுகின்றன. பெருமளவு கல்லில் பெயரும் வயதும் படைப்பிரிவும் உண்டு. அங்குத் தோட்டத் தொழிலாளர்க்கு இடமில்லை. 1990 இல் அந்நகரை அடுத்து நிலத்தைத் தோண்டியபோது நூற்றுக்கணக்கானோரின் எலும்புகள் ஒரே குழியிலிருந்து வெளிப்பட்டன. வீழ்ந்த வீரனுக்குக் கல் நட்டு, அதிலே அவன் பெயரைப் பொறித்து வழிபட்ட மரபு நம்முடையது. அக்கல்லை நாட்டும் முறையைத் தொல்காப்பியம் படிமுறையாக வகுத்துக் கூறுகிறது. அந்த மரபிலே வந்தவர்களுக்குக் கிடைத்தது பெயரற்ற குழி.

இவ்வளவையும் மனத்திற்கொண்டு திரைப்படத்தை மீண்டும் நோக்குவோமாயின், அதிலே பாலம் எவருடையது என்ற கேள்வியே மையம் என்பது விளங்கும். யப்பானியப் பொறியியலாளர் திறமையற்றவராம். அவர்களால் பாலம் கட்ட முடியவில்லையாம். பிரித்தானியக் கேணல் நிக்கல்சன் தம் இனத்தின் ஒழுங்கையும் அறிவையும் நிலைநாட்டும் பொருட்டுப் பகைவனுக்கே சிறந்த பாலமொன்றைக் கட்டிக்கொடுக்கிறார். உண்மையிலே பாதையை வரைந்தவரும் நடத்தியவரும் யப்பானியப் பொறியியலாளரே. உண்மைப் பாலம் இருந்த தமர்க்கான் முகாமிலே கைதிகளின் தலைவராயிருந்தவர் பிலிப் டூசி. தம் மனிதரின் உயிரைக் காக்கவும் வேலையைத் தாமதிக்கவும் முயன்றவர் அவர். திரைப்படம் தீட்டிய சித்திரத்தை அவரோடிருந்தோர் ஏற்கவில்லை. ஆசியனுக்கு இயந்திரம் தெரியாது, வெள்ளையனே கட்டுவிப்பான் என்ற குடியேற்றவாத நம்பிக்கை, பேரரசு குலைந்துகொண்டிருந்த 1957 இலும் எவ்வளவு இனிமையாக விற்பனையாயிற்று என்பதற்கு இப்படம் ஓர் ஆவணம்.

மூல நாவலின் ஆசிரியரைப் பற்றியும் ஒரு சொல். பியர் பூல் போருக்கு முன் மலாயாவிலே றப்பர்த் தோட்டத்தில் பணியாற்றியவர். பால்வெட்டும் தமிழரை நாள்தோறும் கண்டிருக்க வேண்டியவர். ஆயினும் அவர் படைத்த நாடகத்தின் நடுமேடையிலே அவர்களுக்கு இடமில்லை. காணாமையன்று, கண்டும் கணக்கில் எடாமையே இங்குள்ள குறை. தோட்டத்துரையின் விறாந்தையிலிருந்து பார்த்தால் தொழிலாளர் இயற்கைக் காட்சியின் ஒரு பகுதியாகவே தென்படுவர் போலும்.

இன்னொரு மறைப்பையும் இங்குக் குறிப்பிடுதல் பொருத்தம். திரைக்கதையை எழுதியவர்கள் கார்ல் போர்மனும் மைக்கேல் வில்சனும். பொதுவுடைமைத் தொடர்புடையவர் என ஹொலிவுட்டின் கறுப்புப் பட்டியலிலே சேர்க்கப்பட்டவர்கள் அவர்கள். ஆதலின் திரையில் அவர்களுடைய பெயர் இடம்பெறவில்லை. திரைக்கதைக்கான ஒஸ்கார் விருது அதனை எழுதாத பியர் பூலுக்கு வழங்கப்பட்டது. 1984 இலேதான் உரிமை திருத்தப்பட்டது; அதற்குள் இருவரும் இறந்துவிட்டனர். எழுதியவன் பெயரையே அழித்த தொழிலிடம், மரம் சுமந்தவன் பெயரை எதிர்பார்ப்பதெங்ஙனம்? ஆயினும் ஒரு வேறுபாட்டை நாம் மறத்தலாகாது. எழுத்தாளர்க்கு இருபத்தேழு ஆண்டுகளின் பின்னராயினும் நீதி வந்தது. அவர்களுக்கு ஒரு சங்கமும் சாட்சியும் இருந்தன.

கலை வேறு, வரலாறு வேறு. கற்பனைப் படைப்பிடம் கணக்குக் கேட்பது நியாயமா எனச் சிலர் வினவக்கூடும். வினா புறக்கணிக்கத்தக்கதன்று. இப்படம் போரின் மடமையை வன்மையாகச் சாடுவது. இறுதிக் காட்சியிலே கடமை, பெருமை, வெற்றி என்னும் சொற்கள் யாவும் பொருளிழந்து போகின்றன. அலெக் கின்னஸின் நடிப்பு இன்றும் நம்மைக் கட்டிப்போடுகிறது. இவற்றை மறுப்பவன் திறனாய்வாளனாகான். ஆனால் இக்கற்பனை கற்பனையாகவே நின்றுவிடவில்லை. உண்மைப் பாலம் நின்ற ஆறு மே க்ளொங். திரைப்படத்தைப் பார்த்துவிட்டுப் பாலத்தைத் தேடி வந்த பயணிகளின் பொருட்டு, 1960 இல் அவ்வாற்றின் அப்பகுதிக்கு குவே யாய் எனப் பெயர் மாற்றப்பட்டது. ஓர் ஆற்றின் பெயரையே மாற்றவல்ல கற்பனை, இறந்தவர் பட்டியலையும் மாற்றவல்லது. இந்நிலையில் கலை என்ற பெயரால் அது விசாரணையிலிருந்து விலக்குப்பெற முடியாது.

புகைப்படத்தின் இயல்பும் இங்கு ஆராயத்தக்கது. தொழிற்சாலையொன்றின் புகைப்படம் அத்தொழிற்சாலையின் உறவுகளைப் பற்றி ஏறக்குறைய ஒன்றுமே சொல்வதில்லை என்ற கருத்தை ஜெர்மனிய நாடகாசிரியர் பிறெக்ட் வெளியிட்டார். கட்டுமானப் படத்திற்கும் அது பொருந்தும். வியர்வை தெரியும், கூலி தெரியாது. தசை தெரியும், கடன் தெரியாது. எவன் விரும்பி வந்தான், எவன் பூட்டிய கொட்டகையிலிருந்து வந்தான் என்பதை ஒளியும் நிழலும் சொல்லமாட்டா. அதனைச் சொல்ல வேண்டியது படத்தின் கீழ் எழுதப்படும் வாசகம். அந்த வாசகத்தை எழுதும் உரிமை எவர் கையில் இருக்கிறதோ அவரே வரலாற்றை எழுதுகிறார்.

உண்மைப் பாதையின் படங்கள் அறவே இல்லாமலில்லை. அவுஸ்திரேலியப் போர்வீரர் ஜோர்ஜ் அஸ்பினல் உயிரைப் பணயம் வைத்துச் சிறு கமெராவில் இரகசியமாகச் சில படங்களை எடுத்தார். ஜாக் சோக்கர், ரொனால்ட் சேர்ள் முதலிய கைதிகள் திருட்டுத்தனமாக ஓவியம் வரைந்து ஒளித்துவைத்தனர். அவர்களுடைய துணிவிற்கு மானிட குலம் கடன்பட்டிருக்கிறது. தமிழ்த் தொழிலாளர் தோன்றும் படங்களும் சில உண்டு. ஆனால் அவர்களுள் ஒருவரைப் பெயர் சொல்லி அழைக்கும் படம் எதனையும் நாம் இதுவரை கண்டதில்லை. கமெராவும் தாளும் பென்சிலும் அவர்கள் கையில் இருக்கவில்லை. எழுத்தறிவையே தோட்டம் அவர்களுக்கு வழங்கவில்லை.

பிறரைக் குறைகூறி நாம் தப்பிவிடவும் முடியாது. இத்துணைப் பெரிய அழிவு தமிழிலே நாவலாக வெளிவர எவ்வளவு காலம் சென்றது? மலேசிய எழுத்தாளர் ஆர். சண்முகத்தின் ‘சயாம் மரண ரயில்’ நூலாகியது 1993 இல், அ. ரெங்கசாமியின் ‘நினைவுச் சின்னம்’ வந்தது 2005 இல். பாதை முடிந்து ஐம்பது ஆண்டுகளின் பின்னரே முதல் நூல். இலங்கையிலே பாடம் சொல்லும் நாமோ அந்நூல்களையும் பெரும்பாலும் அறியோம். மாணவன் இணையத்திலே தேடியபோது அவனுக்கு ஹொலிவுட் கிடைத்ததற்கும் சண்முகம் கிடைக்காததற்கும் நமது அசிரத்தையும் ஒரு காரணமன்றோ?

மலாயாக் கதை நமக்கு அயலார் கதையுமன்று. தஞ்சை, திருச்சி, சேலம், மதுரைப் பகுதிகளின் ஒரே வறுமையிலிருந்து புறப்பட்ட இரு கப்பல்களில் ஒன்று பினாங்குக்குச் சென்றது. மற்றொன்று மன்னாருக்கு வந்தது. அதே கங்காணி, அதே லயம். நாட்டை வளப்படுத்தியவரை நாட்டுக்கு உரியவரல்லர் எனக் கூறிய வஞ்சனையும் இங்கு நிகழ்ந்தது. 1957 மார்ச்சில் கித்துல்கலப் பாலம் பிரதமர் முன்னிலையில் வெடித்துச் சிதறியபோது, அவ்வீதி வழியே மேலே ஏறினால் காணப்படும் தோட்டங்களின் தமிழ்த் தொழிலாளரிற் பெரும்பாலோர் 1948 ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டத்தால் நாடற்றவராய் இருந்தனர். அவ்வநீதி முற்றாகத் துடைக்கப்பட 2003 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று.

கெலிஓயாவிலிருந்து கண்டிக்குச் செல்லும்போது பேராதனையிலே மகாவலி கங்கையைக் கடக்கிறோம். அங்கே 1833 இல் முதிரை மரத்தால் 205 அடி ஒற்றை வளைவாக அமைக்கப்பட்ட பாலத்தை, ஆணியின்றி அமைந்த அற்புதம் எனப் பயண நூலார் புகழ்ந்தனர். பிரேசர் என்ற இராணுவ அதிகாரியின் பெயர் அதனோடு நிலைத்தது. புகைப்படக்கலை உலகுக்கு அறிவிக்கப்பட்டதே 1839 இலாதலால், அது கட்டப்பட்டபோது படம் எடுக்க வழியில்லை. காட்டிலே மரம் வெட்டி ஆற்றங்கரைவரை இழுத்தவரை அறிய நமக்கு ஒரு நிழலும் மிஞ்சவில்லை. படம் இல்லாத காலத்தில் உழைத்தவன் மறைந்தான். படம் வந்த காலத்திலும் மறைந்தான். எனவே குற்றம் கருவியில் இல்லை என்பது தெளிவு.

நாம் அந்தக் கட்டுரையை மாணவனிடம் திருப்பிக் கொடுத்து, இவ்விவரங்களை வகுப்பிலே எடுத்துரைத்தோம். பின்வரிசையிலிருந்த ஒரு மாணவி, தோட்டத்திலிருந்து நடந்து வருபவள், “அப்படியென்றால் நம்மட ஆக்களின்ட படம் எங்க சேர்?” என்று கேட்டாள். அதற்கு விடைகூற நம்மால் இயலவில்லை. கட்டுரை எழுதியவனோ படத்தைக் கிழித்துவிட எண்ணினான். வேண்டாமெனத் தடுத்தோம். பொய்யான விளக்கத்தோடு உலவும் படத்தை அழிப்பதால் பயனில்லை. அதன் கீழ் மெய்யை எழுதிவைப்பதே நமக்கு இயன்ற பணி. மாணவர் தாமே கூடிப் பேசி எழுதிய வாசகத்தோடு அப்படம் இன்று நமது வகுப்பறைச் சுவரில் இருக்கிறது:

‘இப்பாலம் 1956-57 இல் கித்துல்கலவில் சினிமாவுக்காகக் கட்டப்பட்டது. கட்டியவர்களின் பெயர் தெரியாது. உண்மையான பாதை சயாமிலும் பர்மாவிலும் 1942-43 இல் கட்டப்பட்டது. அதைக் கட்டி இறந்தவர்களில் பல்லாயிரம் பேர் மலாயாத் தோட்டங்களின் தமிழர். அவர்கள் இந்தப் படத்தில் இல்லை.’